தோற்றவர் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? தேர்தல் தரும் ஆளும் உரிமை

சிங்கப்பூரின் 2025 மே 3 பொதுத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சி 65.57 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வாக்குகள் வேறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும் விழுந்தன. அப்படி வாக்களித்த ஒருவர் மறுநாள் முஸ்தபா கடையில் மளிகை வாங்கினாலும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியைக் கட்டத்தான் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்பதென்றால் கழகத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டுத்தான் விற்க முடியும். "நான் இந்த அரசாங்கத்துக்கு ஓட்டே போடலையே, எனக்கு எதுக்கு உங்க சட்டம்?" என்று அவர் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றுவதில்லை. ஏன் தோன்றுவதில்லை?

தண்டனைக்குப் பயந்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். அது பாதிதான். தண்டிக்கும் வலிமையைப் பார்த்தால், 1942 முதல் 1945 வரை இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பானியப் படைக்கு அது ஏராளமாக இருந்தது. ஊரின் பெயரையே சியோனான் என்று மாற்றினார்கள். வாழைமரப் படம் போட்ட நோட்டை அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 50 மில்லியன் டாலர் கேட்டு நெருக்கினார்கள். மக்கள் சொன்னதைச் செய்தார்கள். ஆனால் இவர்களுக்கு நம்மை ஆளும் உரிமை உண்டு என்று எண்ணிச் செய்தவர்கள் மிகக் குறைவு. நேதாஜியின் படையில் சேர்ந்த நம் தோட்டத் தொழிலாளர்கள்கூட இந்தியாவின் விடுதலைக்காகத்தான் சேர்ந்தார்கள். ஜப்பானிய ஆட்சியை ஏற்றுக்கொண்டு அல்ல.

கீழ்ப்படிய வைக்கும் வலிமை அதிகாரம். "இவர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்வதற்கு இவருக்கு உரிமை இருக்கிறது" என்று ஆளப்படுபவர் ஒப்புக்கொள்வது வேறு சங்கதி. அரசியல் அறிஞர்கள் நூற்றாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்வது இந்த இரண்டாவதைப் பற்றித்தான். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் இதற்கு மூன்று ஊற்றுகளைச் சொன்னார்: வழிவழியாக வந்த மரபு, ஒரு தலைவரின் ஈர்ப்பு, எல்லாருக்கும் தெரிந்த விதிமுறை. மன்னராட்சி முதலாவதை நம்பியது. புரட்சித் தலைவர்கள் இரண்டாவதை நம்புகிறார்கள். ஜனநாயகம் மூன்றாவதை நம்புகிறது. அந்த விதிமுறைகளில் முதன்மையானது தேர்தல். ஆளப்படுவோரின் சம்மதம் இல்லாமல் ஆட்சிக்கு உரிமை இல்லை என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் லாக் வாதாடியிருந்தார். ஆனால் மில்லியன் கணக்கானவர்களிடம் சம்மதம் வாங்குவது எப்படி என்பதற்கு நடைமுறையில் கிடைத்த விடை வாக்குச்சீட்டு.

இந்த இடத்தில் உத்திரமேரூரை யாராவது இழுப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறை, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், தேர்தலைக் கண்டுபிடித்தவன் தமிழன் என்று வாட்ஸ்அப்பில் வருடம் தவறாமல் சுற்றும். பெருமைப்பட வேண்டிய கல்வெட்டுதான், ஆனால் அதில் இருப்பது குலுக்கல். நிலமும் வேதக் கல்வியும் உள்ள, 35 வயதைக் கடந்த ஆண்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கல்வெட்டின் உண்மையான அருமை இன்னொரு விதியில் இருக்கிறது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது. பதவி என்றால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்திருக்கிறது.

சிங்கப்பூரில் வாக்குரிமை ஒரே நாளில் வரவில்லை. 1948ல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்தது ஆறே உறுப்பினர்களை. பிரிட்டிஷ் குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு. அவர்களும் தாமே முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும். அந்த மன்றம் சிங்கப்பூர் மக்கள் சார்பில் பேசுகிறது என்று சொல்ல யாருக்கும் துணிவு வந்திருக்காது. 1955ல் 32 இடங்களில் 25க்குத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பதிவும் தானாகவே நடந்ததால் பட்டியல் சுமார் 300,000 பேராக உயர்ந்தது. 1957 குடியுரிமைச் சட்டம் வெளிநாட்டில் பிறந்து இங்கே வேரூன்றிய பல்லாயிரம் பேருக்குக் கதவைத் திறந்தது. 1959ல் 51 இடங்களுக்கும் தேர்தல், வாக்களிப்பு கட்டாயம். மக்கள் செயல் கட்சி 43 இடங்களை வென்று லீ குவான் இயூ பிரதமரானபோது, பிரிட்டிஷ் ஆளுநருக்கு ஒருபோதும் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது.

வாக்களிப்பு கட்டாயம் என்பதால் இங்கே வாக்களிப்பு விகிதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். காரணமின்றி வாக்களிக்காதவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். மீண்டும் சேர்க்க 50 வெள்ளி கட்ட வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்குவது சம்மதமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சாவடிக்கு வருவதுதான் கட்டாயம், உள்ளே போய் எதையும் தேர்ந்தெடுக்காமல் சீட்டைச் செல்லாததாக்கிவிட்டு வர எவருக்கும் தடையில்லை என்பது அதற்கு வழக்கமான பதில். எனக்கு அந்தப் பதில் போதும்.

சீட்டில் இருக்கும் எண்

தேர்தல் தரும் உரிமை எதன் மேல் நிற்கிறது என்று பார்க்க, நம் கோப்பிக்கடைகளில் இன்றும் ஒலிக்கும் ஒரு பேச்சை எடுத்துக்கொள்ளலாம். "சீட்டுல நம்பர் போட்டிருக்கான்ல, யாருக்குக் குத்தினோம்னு கண்டுபிடிச்சிடுவாங்க." எண் இருப்பது உண்மை. கள்ளச் சீட்டு கலப்பதைத் தடுக்கவும், ஒருவர் பெயரில் இன்னொருவர் வாக்களித்ததாகப் புகார் வந்தால் நீதிமன்றம் விசாரிக்கவும் அது வைக்கப்பட்டிருக்கிறது. எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்ட பெட்டிகளில் உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் பூட்டி வைக்கப்படுகின்றன, அதன்பின் எரிக்கப்படுகின்றன. இடையில் அவற்றைத் திறக்க நீதிமன்ற ஆணை வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வாக்கு ரகசியம் என்பது ஏதோ நாகரிகத்துக்காக வைத்த ஏற்பாடு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பிரிட்டனில் வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் தன் தேர்வைச் சொல்ல வேண்டியிருந்தது. நிலக்கிழார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். 1856ல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களும் 1872ல் பிரிட்டனும் ரகசிய வாக்கைக் கொண்டுவந்தன. தன் வாக்கு வெளியே தெரிந்துவிடும் என்று நம்புகிற ஒருவர் போடும் வாக்கில் சம்மதமும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆகவே ரகசியம் காக்கப்பட்டால் மட்டும் போதாது, காக்கப்படுகிறது என்று கடைசி வாக்காளரும் நம்ப வேண்டும். கோப்பிக்கடைச் சந்தேகம் ஆதாரமற்றதுதான். ஆனாலும் அதைச் சிரித்துத் தள்ளிவிடாமல் ஒவ்வொரு தேர்தலிலும் தேர்தல் துறை பொறுமையாக விளக்கம் கொடுப்பது சரியான வேலை.

தோல்வியை ஏற்றுக்கொள்ளுதல்

வென்றவர் தேர்தலைப் புகழ்வதில் வியப்பில்லை. ஒரு தேர்தல் ஆளும் உரிமையைத் தந்ததா என்பதைத் தோற்றவரைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 2018 மே மாதம் மலேசியாவில், 1957 முதல் ஆட்சியை விட்டே இறங்காத கூட்டணி தோற்றது. மக்கள் தீர்ப்பை ஏற்பதாக நஜிப் ரசாக் அறிவித்தார், மகாதீர் பதவியேற்றார். மியன்மாரில் 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றது. வாக்காளர் பட்டியலில் முறைகேடு என்று சொல்லி 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் அங்கே படைக்கு ஆயுதம் இருந்தது, அலுவலகங்கள் இருந்தன, ஆனால் நாட்டின் பெரும்பகுதி எதிர்த்து நின்றது.

தோற்றவர் எதற்காக ஏற்றுக்கொள்கிறார்? விதிமுறை ஆட்டத்துக்கு முன்பே தெரிந்திருந்தது, அது எல்லாருக்கும் ஒன்றே, என் வாக்கும் பிரதமரின் வாக்கும் ஒரே எடை, எண்ணும் மேசைக்கு எதிரில் என் ஆளும் நின்று பார்த்தான். இவை முதல் காரணங்கள். இவற்றைவிடப் பெரிய காரணம், இன்னொரு தேர்தல் வரும் என்பது. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம். வென்றவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்ததாக எதுவும் இல்லை. சிங்கப்பூரின் 2011 அதிபர் தேர்தலில் வென்ற டோனி டானுக்குக் கிடைத்தது 35.2 விழுக்காடுதான். மறு எண்ணிக்கைக்குப் பிறகு, அடுத்து வந்த டான் செங் போக்கைவிட 7,382 வாக்குகள் கூடுதல். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தும் அவர் ஆறாண்டு அதிபராக இருந்தார், நாடு அதை ஏற்றது.

இந்தக் கெடு தேதிதான் முழு ஏற்பாட்டின் உயிர். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் ஆயுள் முதல் அமர்விலிருந்து அதிகபட்சம் ஐந்தாண்டு. கலைந்த மூன்று மாதத்துக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். தேதியைத் தள்ளிப்போடும் அரசாங்கம், அதைச் சட்டப்படியே செய்தாலும், தன் காலுக்குக் கீழே மண்ணைத் தோண்டுகிறது. 1976ல் நெருக்கடி நிலையைக் காட்டி இந்திரா காந்தி மக்களவையின் ஆயுளை நீட்டித்தார். 1977ல் தேர்தல் வைத்ததும் ரேபரேலியில் தாமே தோற்றார். தோற்று, பதவியை விட்டும் போனார். இலங்கையில் 1982 டிசம்பரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனே பொதுத் தேர்தலுக்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 1977ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தை இன்னும் ஆறாண்டு ஓட்டினார். வாக்குச்சீட்டைக் கொண்டே வாக்குச்சீட்டைத் தவிர்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆட்சி மாறாத நாட்டில் அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோம் என்ற பயம் வேலை செய்யுமா என்று சிங்கப்பூரர்கள் கேட்பது நியாயம். 1959 முதல் இங்கே ஆளும் கட்சி ஒன்றுதான். ஆனால் 2011 பொதுத் தேர்தலைப் பாருங்கள். மக்கள் செயல் கட்சியின் வாக்கு 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது, அல்ஜுனிட் குழுத்தொகுதி (பல உறுப்பினர்களை ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதி) எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போனது, வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் இயோ இருக்கையை இழந்தார். அந்த மாதமே லீ குவான் இயூவும் கோ சோக் டோங்கும் அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். அமைச்சர்களின் சம்பளம் மறுஆய்வு செய்யப்பட்டுக் குறைக்கப்பட்டது. வீவக வீடுகள் கட்டும் வேகம் கூடியது. ஆட்சி மாறவில்லை, ஆள்பவர்கள் மாறினார்கள். அதற்கு முப்பதாண்டுக்கு முன், 1981ல், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்னம் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றத்தில் ஒற்றை எதிர்க்கட்சிக் குரலாக உட்கார்ந்தபோதும் அதிர்ச்சி சிறிதாக இல்லை.

போட்டியே இல்லாவிட்டால்?

1968 தேர்தலை முக்கிய எதிர்க்கட்சியான பாரிசான் சோசலிஸ் புறக்கணித்ததால், 58 இடங்களில் 51ல் போட்டியே இல்லை. சட்டப்படி அந்த வெற்றியில் குறையொன்றுமில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய எல்லாருக்கும் வாய்ப்பிருந்தது, யாரும் வரவில்லை. 2025ல் மரின் பரேட்-பிராடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் நடந்ததும் அதுதான். ஐந்து உறுப்பினர்கள் வேட்புமனு நாளன்றே தேர்வாயினர். அங்குள்ள வாக்காளர்கள் பொதுத் தேர்தலில் வாக்களிக்கவே இல்லை. 2017ல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்வானபோது, அவர் மீது மதிப்பு வைத்திருந்த பலருக்கும் மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. சட்டம் ஒருவரைப் பதவியில் உட்கார வைக்கும். மக்கள் "நாம் உட்கார வைத்தோம்" என்று உணர்வது வேறு, அதற்கு வாக்குச்சீட்டில் இரண்டு பெயராவது வேண்டும். அரசாங்கத்துக்கும் இது தெரியும். தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவர்களை நாடாளுமன்றத்தில் அமர்த்தும் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் திட்டம் 1984ல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன்படி இப்போது நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் குறைந்தது 12 பேர் இருப்பார்கள். 2025ல் பாட்டாளிக் கட்சி வென்ற 10 இடங்களோடு இருவர் சேர்ந்தது அப்படித்தான்.

வாக்குக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளியையும் சொல்லிவிட வேண்டும். 65.57 விழுக்காடு வாக்குக்கு 97ல் 87 இடங்கள். தொகுதிக்கு ஒரு வெற்றியாளர் என்ற முறையில் இது எங்கும் நடப்பதே. 2024ல் பிரிட்டனின் தொழிற்கட்சி 34 விழுக்காட்டுக்கும் குறைவான வாக்கில் 650ல் 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. அதோடு ஒப்பிட்டால் நம்முடையது நேர்மையாகவே தெரியும். இங்கே விமர்சனம் அதிகம் எழுவது வேறிடத்தில். தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது. தொகுதி எல்லைகள் தேர்தலுக்குச் சில வாரங்களோ சில மாதங்களோ முன்தான் அறிவிக்கப்படுகின்றன. 2025ல் அறிக்கை வந்தது மார்ச் 11ல். எல்லை வரைபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் போட்டியாளரின் வீட்டில் சம்பளம் வாங்குகிறார் என்றால் தோற்றவருக்குச் சந்தேகம் வரும். இந்தியாவைப் போலத் தனி ஆணையம் இருந்தால் நல்லது என்பது என் எண்ணம்.

வென்றவர் எதையும் செய்யலாமா?

'தாராளவாத ஜனநாயகம்' என்று சொல்லும்போது வரும் 'தாராளவாத' என்ற அடைமொழிக்கு இங்கேதான் வேலை. வாக்கு வாங்கிவிட்டதால் எல்லாமே கைக்கு வந்துவிடாது என்பது அதன் சாரம். 1947 தேர்தலில் இலங்கையின் மலையகத் தமிழர்கள் வாக்களித்தார்கள், தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதே நாடாளுமன்றம் 1948ல் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. வாக்குரிமையும் பறிபோனது. பெரும்பான்மை வாக்கில் நிறைவேறிய சட்டம்தான், நடைமுறையில் பிசகில்லை. ஆனால் யார் வாக்காளர் என்பதையே வென்றவர் வெட்டிக் குறைக்க முடியுமென்றால், அடுத்த தேர்தல் எதற்குச் சம்மதம் கேட்கிறது?

அதனால்தான் அரசமைப்புச் சட்டம், நீதிமன்றம் என்று வேலிகள். சிங்கப்பூரில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டை நம் சமூகத்துப் பெண்மணி ஒருவரே தந்திருக்கிறார். 2012ல் ஹவ்காங் தொகுதி காலியானபோது, அங்கே குடியிருந்த அந்தத் துப்புரவுப் பணியாளர் இடைத்தேர்தல் எப்போது என்று கேட்டு நீதிமன்றம் போனார். வழக்கு மேல்முறையீட்டுக்கு வருவதற்குள் இடைத்தேர்தலே முடிந்துவிட்டதால் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் 2013 தீர்ப்பில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இடைத்தேர்தலை எப்போது நடத்துவது என்பது பிரதமரின் முழு விருப்பம் அல்ல, நியாயமான காலத்துக்குள் நடத்த வேண்டும்.

அதிபர் பதவி இன்னொரு வேலி, அதன் கதை சுவையானது. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த கடந்தகால இருப்பு நிதியை எடுக்க அதிபரின் ஒப்புதல் வேண்டும் என்று 1991ல் அரசமைப்பைத் திருத்தினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்திடம் "முடியாது" என்று சொல்ல, நியமனம் பெற்ற ஒருவருக்கு என்ன தகுதி? ஆகவே அவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று; 1993ல் ஓங் டெங் சியோங் முதலாவதாக வந்தார். 2009 நிதி நெருக்கடியில் எஸ்.ஆர். நாதனும், 2020 கொவிட் காலத்தில் ஹலிமா யாக்கோபும் இருப்பைத் திறக்க ஒப்புதல் தந்தார்கள். 2023ல் 70.4 விழுக்காடு வாக்கோடு வந்த தர்மன் சண்முகரத்னத்துக்கும் அந்தச் சாவி இருக்கிறது. அதற்கு மேல் அரசாங்கக் கொள்கையில் தலையிடும் உரிமை எத்தனை விழுக்காடு வாங்கினாலும் அவருக்கு இல்லை. எதற்காக வாக்குக் கேட்கப்பட்டதோ அதற்கு மட்டுமே உரிமை.

சிங்கப்பூர் தாராளவாத ஜனநாயகமா என்று கேட்டால், ஃபிரீடம் ஹவுஸ் போன்ற அமைப்புகள் 'ஓரளவு சுதந்திரமான நாடு' என்ற வரிசையில் வைக்கின்றன. நம் தலைவர்களும் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்பட்டதில்லை. மேற்கத்திய அச்சு இங்கே பொருந்தாது என்று வெளிப்படையாகவே வாதிட்டிருக்கிறார்கள். அரசமைப்பை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பூட்டு இருக்கிறது. ஆனால் ஒரே கட்சி அதைவிட அதிக இடங்களை எப்போதும் வைத்திருப்பதால் பூட்டும் சாவியும் ஒரே பையில் கிடக்கின்றன. வாக்கு எண்ணிக்கையின் நேர்மையை மட்டும் எதிர்க்கட்சிகளே கேள்வி கேட்பது அரிது.

இந்த விளக்கம் முழுவதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, தமிழ் வாசகருக்கு அது உடனே தெரியும். 2024 ஜூன் கணக்கில் இங்கே வாழ்ந்த 6.04 மில்லியன் பேரில் குடிமக்கள் 3.64 மில்லியன்தான். நிரந்தரவாசிக்கும் வேலை அனுமதிச்சீட்டில் வந்தவருக்கும் வாக்கில்லை. சட்டமும் வரியும் அவர்களுக்கும் உண்டு. சம்மதம் என்ற வாதம் அவர்களைத் தொடுவதில்லை. விரும்பித்தானே வந்தார்கள், வேண்டாமென்றால் திரும்பலாமே என்ற பதில், கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டி வந்தவரிடம் எடுபடாது. அவர்களைப் பொறுத்தவரை அரசாங்கத்தின் ஆளும் உரிமை வேறு ஆதாரங்களில் நிற்க வேண்டியிருக்கிறது: சம்பளம் வராதபோது முறையிட ஓர் இடம், பாகுபாடு பார்க்காத நீதிமன்றம், அவர்களுக்காகவும் கேள்வி கேட்கும் வாக்காளர்கள். 2020ல் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது அந்தக் கேள்விகள் நாடாளுமன்றத்தில் எழுந்தன. எழுப்பியவர்களில் ஒருவர்கூட அந்த விடுதிவாசிகள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர் அல்ல.